அட்டாலியில் கிடைத்த பித்தளை மைக்ராஸ்கோப்

கோவை கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்கேனுங்க. போன ஆடியில பெரியப்பா வீட்டு அட்டாலியைச் சுத்தம் பண்ணறப்ப மரப்பெட்டிக்குள்ள பழைய பித்தளை மைக்ராஸ்கோப் ஒண்ணு கிடைச்சுது. குதிரை லாடமாட்டம் அடிக்கால். கீழே கண்ணாடி, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குழி. கரண்டே வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும்.

நான் பட்டறையிலிருந்து வர்றதுக்குள்ள அம்மா புளியும் தேங்கா நாரும் போட்டுத் தேச்சுட்டாங்க. "குத்துவிளக்காட்டப் பளிச்சுனு ஆயிருச்சு பாரு கண்ணு." அந்தப் பொன்னிறமே மேல பூசின அரக்கு வார்னிஷுங்க. பாதி போயிருச்சு. என்னத்தச் சொல்ல!

குழாயை ஏத்தி இறக்கற பல்சட்டம் சாய்வா வெட்டியிருக்கு. ஒரு பல் விடறதுக்குள்ள அடுத்தது பிடிச்சுக்கும், ஆட்டமே இல்லை. ஆனா கீழ் லென்ஸ்ல பூஞ்சை. பையனோட புது மைக்ராஸ்கோப்ல இருந்து 10எக்ஸ் லென்ஸைக் கழட்டிச் சும்மா வெச்சுத் திருகினேன். நேரா போய் உக்காந்துருச்சு! மரைக்கு மரை இடைவெளி கேஜ்ல 0.7 மில்லிமீட்டர்னு முதல்ல ஏமாந்தேன். அசல் கணக்கு இஞ்சுக்கு 36 மரை, விட்டம் 0.8 இஞ்ச். 1858ல லண்டன் மைக்ராஸ்கோப் சங்கம் வகுத்த அளவு. அதுக்கு முந்தி ஆளுக்கொரு மரை, நம்ம பம்ப்செட் ஸ்பேர் மாதிரி.

லென்ஸ்ல 160/0.17னு பொறிச்சிருந்துது. 160 குழாய் நீளம், 0.17 பார்க்கற பொருள் மேல மூடற மெல்லிசு கண்ணாடியோட தடிமன், ரெண்டும் மில்லிமீட்டர். பித்தளைக் குழாய் இழுத்தா நீளுது, மேல மில்லிமீட்டர் கோடு வேற. 160க்கு இழுத்து சின்ன வெங்காயத் தோலை வெச்சேன். கட்டம் கட்டமா, செங்கல் சுவராட்டம்.

*கோபியிலிருந்து ஒரு வாசகர்:*
எங்கப்பா பட்டுப்புழு முட்டை தயாரிக்கிற இடத்துல வேலை பார்த்தவருங்க. முட்டை போட்ட தாய் அந்துப்பூச்சியை அரைச்சு, சொட்டு எடுத்து இதே மாதிரி ஒத்தைக்கண் மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்க. பளபளன்னு முட்டை வடிவத்துல துளித்துளியாத் தெரிஞ்சா பெப்ரின் நோய். அந்தப் பூச்சியோட முட்டை மொத்தமும் நெருப்புக்குத்தான். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1860கள்ல காட்டின வழி. ஒண்ணு சொல்றேன், மிச்ச அரக்கு மேல ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுறாதீங்க, கரைஞ்சுரும்.

*கணபதிக்காரர்:*
ஸ்பிரிட் டப்பாவை ஒளிச்சு வெச்சாச்சுங்க. அம்மா இப்ப மரப்பெட்டிக்கு விளக்கெண்ணெய் பூசலாமான்னு கேக்கறாங்க.