லெஃபெவ்ர் என்ற குடும்பப்பெயரோடு உங்களுக்கு நேர்ந்தவை

லீல் நகர உறுப்பினர்:

வட பிரான்சின் லீல் நகரில், ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அட்டையில் இருந்த எழுத்து ஒன்றையும் விடாமல் ‘லெஃபெப்வ்ர்’ என்று உரக்கக் கூப்பிட்டேன். காத்திருந்தவர்களில் ஒருவரும் எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது ஒரு மூதாட்டி கைப்பையை எடுத்துக்கொண்டு மெதுவாக வந்து, “அந்த ‘பி’ பார்வைக்கு மட்டுந்தான் மகளே, வாயில் வராது, லெஃபெவ்ர் என்று சொல்” என்றார். பிறகு தம் மோதிரத்தைத் தொட்டுக் காட்டி, “இதைச் செய்கிறவரை ஒர்ஃபெவ்ர் என்கிறோமே, அந்தச் சொல்லின் வாலில் நிற்பதும் என் பெயர்தான்” என்றார்.

அன்றிரவு தேடிப் படித்தேன். லத்தீனில் ‘ஃபாபெர்’ என்றால் கைவினைஞர், குறிப்பாகக் கொல்லர். அது பழைய பிரெஞ்சில் ‘ஃபெவ்ர்’ ஆயிற்று. பிற்காலத்தில் ‘ஃபோர்ழெரோன்’ என்ற சொல் வந்து அதை வழக்கிலிருந்து தள்ளிவிட, பொற்கொல்லரைக் குறிக்கும் சொல்லிலும் குடும்பப்பெயர்களிலும் மட்டும் அந்தப் பழஞ்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘பி’ என்ற எழுத்தோ, லத்தீன் மூலம் தெரியட்டும் என்று எழுத்தர்கள் செருகியது. ஊருக்கு ஊர் உலையும் துருத்தியுமாக ஒரு கொல்லர் இருந்ததால், ஒன்றுக்கொன்று உறவில்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு இடைக்காலத்தில் இதே பட்டப்பெயர் பரம்பரைப் பெயராக நிலைத்துவிட்டது. பிரான்சில் மிகுதியாக வழங்கும் முதல் 20 குடும்பப்பெயர்களில் இதுவும் ஒன்று. வடக்கிலும் பிக்கார்டியிலும் நார்மண்டியிலும் அடர்த்தி அதிகம். எங்கள் பெட்டியில் மட்டும் பதினொரு கோப்புகள் இருந்தன. ஆகவே இந்தப் பெயரைக் கேட்டால் பிறந்த தேதியைச் சேர்த்துக் கேட்காமல் கோப்பை எடுப்பதில்லை.

மோன்பெலியே நகர உறுப்பினர்:

சகோதரி சொல்வது வடக்குக்குப் பொருந்தும். நான் இருக்கும் தெற்கில் லெஃபெவ்ர் என்று ஒருவர் வந்தால், “வடக்கிலிருந்து வந்தவரா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆக்சிதான் மொழி வழங்கிய இந்தப் பகுதியில் அதே ‘ஃபாபெர்’ ஃபாப்ர் ஆகியிருக்கிறது. பூச்சியியல் அறிஞர் ழான் ஆன்ரி ஃபாப்ர் 1823-இல் அவேரோன் பகுதியில் பிறந்தவர் என்பது அதற்கு ஏற்ற சான்று. தொஃபினேயிலும் லிமூசேனிலும் அது ஃபோர், சவோயில் ஃபாவ்ர், ஃபிரான்ஷ் கோந்தேயில் ஃபேவ்ர். நான் திராட்சை பறிக்கப் போன தோட்டத்தில் மேற்பார்வையாளர் ஃபாப்ர், டிராக்டர் ஓட்டியவர் ஃபோர். இருவரும் ஒரே பெயர்க்காரர்கள் என்று சொன்னபோது, வெயிலில் எனக்குத் தலை சுற்றுகிறது என்று தண்ணீர்ப் புட்டியை நீட்டினார்கள்.

எண்ணிக்கை பற்றி ஒரு சொல். இணையத்தில் பரவும் பெயர் வரைபடங்களில் பெரும்பாலானவை, புள்ளிவிவர நிறுவனமான இன்சே தொகுத்த 1891 முதல் 1990 வரையிலான பிறப்புகளை இருபத்தைந்து ஆண்டுக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டுபவை. ஆகவே அவை எங்கே பிறந்தார்கள் என்பதைச் சொல்லுமே தவிர, இப்போது எங்கே வாழ்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

பிரெஸ்த் நகர உறுப்பினர்:

நான் இருக்கும் பிரெத்தாஞ் பகுதியில், அதாவது பிரான்சின் வடமேற்கு மூலையில், கொல்லருக்கு ‘கோஃப்’ என்று பெயர். லத்தீனோடு தொடர்பில்லாத கெல்டியச் சொல். அதிலிருந்து வந்தது லெ கோஃப். பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தபோது, உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியலில் ஒரே பக்கத்தில் நான்கு லெ கோஃப்கள் இருந்ததைப் பார்த்து, தட்டச்சுப் பிழை என்று மூன்றை அடிக்கப் போனேன். நல்லவேளையாகத் தலைமைச் சமையல்காரர் பார்த்துத் தடுத்தார். வரலாற்றறிஞர் ழாக் லெ கோஃப் 1924-இல் பிறந்ததோ மத்தியதரைக் கடலோரத்துத் தூலோனில். ஆகவே பெயரை வைத்து ஊரைச் சொல்லும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

ரூவான் நகர உறுப்பினர்:

என் வீட்டு உரிமையாளர் ஒரு லெஃபெவ்ர். அடுத்த தெருவில் லெஃபேப்யூர் என்றொரு குடும்பம் உண்டு. அங்கே ‘பி’ ஒலிக்கும், ‘வி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘யு’ நிற்கும். அவர்களுக்கும் தமக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று அவர் அடித்துச் சொல்வார். அவருக்குக் கண் மங்கியதால், ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளை நான்தான் படித்துச் சொன்னேன். பழைய கையெழுத்தில் ‘யு’வும் ‘வி’யும் ஒரே வடிவம் என்பதும், அதை ‘யு’வாக வாசித்ததால்தான் லெஃபேப்யூர் பிறந்தது என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதே தாய்தந்தையருக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளின் பெயரை மூன்று பாதிரியார்கள் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எவரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1794 ஆகஸ்டு 23-இல் புரட்சி அரசு சட்டம் இயற்றிய பிறகு, யார் பேனாவில் எது விழுந்ததோ அதுவே அந்தந்தக் கிளைக்கு வாய்த்தது.

திரையைப் பெரிதாக்கி, மூன்றாம் பிள்ளையின் பெயரைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெகுநேரம் உற்றுப் பார்த்தவர், “அந்தப் பாதிரியாருக்கு எழுதத் தெரியவில்லை” என்று சொல்லிவிட்டுக் காபி வைக்க எழுந்து போனார்.