ஆட்டோ கியர் டிப்பர்: டி போட்டா லேட்டா பிடிக்குது, 3-லிருந்து 4 மாறும்போது ஸ்லிப்

திருத்துறைப்பூண்டி டிப்பர்:
6 கியர் ஃபுல் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுத்தை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துறது) டைப். புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஜல்லி ஏத்துற வண்டி. நாலு நாளா டி (டிரைவ்) போட்டா 3 செகண்ட் கழிச்சுத்தான் பிடிக்குது, பிடிக்கும்போது டொக்குன்னு ஒரு இடி. லோடோட 3-லிருந்து 4 மாறும்போது ஆர்.பி.எம். ஏறுது, வண்டி நகர மாட்டேங்குது. இன்ஜினை ஆஃப் பண்ணி கேஜ் (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) பார்த்தோம், மேல் கோட்டுக்கு மேல மூணு விரல் இருந்துச்சு. ஆயில் கூடிப்போச்சுன்னு 4 லிட்டர் எடுத்தோம். இப்ப இன்னும் மோசம். கிளட்ச் அட்ஜஸ்ட் பண்ணா சரியாகுமா?

கும்பகோணம் பட்டறை:
ஏர் பிரஷர் 8 பார் வருதான்னு பாருங்க. வந்தா கம்ப்யூட்டர் மாட்டி கிளட்ச் டீச்-இன் (கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு கம்ப்யூட்டருக்குப் படிச்சுக் கொடுக்கிறது) போட்டுடுங்க, சரியாயிடும்.

தஞ்சாவூர் கியர்பாக்ஸ்:
அண்ணே, நீங்க சொல்றது ஏ.எம்.டி. (மேனுவல் கியர்பாக்ஸையே தானா மாத்துற டைப்) வண்டிக்கு. அதுல இருக்கறது சாதாரண கிளட்ச், காத்துதான் அதைத் தள்ளுது. இவர் வண்டியில கிளட்ச் எல்லாம் கியர்பாக்ஸுக்குள்ளயே, எண்ணெய்ல ஊறிக் கிடக்கிற பிளேட் கட்டு. பிடிக்கிறதும் விடுறதும் ஆயில் பிரஷர். வெளியில திருகி அட்ஜஸ்ட் பண்ண ஒரு நட்டு கூடக் கிடையாது. தேய்மானத்தைக் கம்ப்யூட்டரே கணக்குப் பண்ணி பிரஷரைக் கூட்டிக் குறைக்கும்.

டிப்பர்காரருக்கு: லெவல் பார்த்த முறையே தப்பு. இன்ஜின் நின்னா கன்வெர்ட்டர், ஆயில் கூலர்ல இருக்கிற ஆயில் கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சு சம்புக்கு (கியர்பாக்ஸ் அடித்தொட்டிக்கு) வந்துடும். கேஜ்ல அதிகமாத்தான் தெரியும். அதை நம்பி 4 லிட்டர் எடுத்ததால இப்ப பம்ப் காத்தையும் சேர்த்து இழுக்குது.

சரியான முறை இதான். வண்டி சமதளத்துல நிக்கணும். கரை ரோட்டுச் சாய்வு வேண்டாம், வே பிரிட்ஜ் மேடை கிடைச்சா நல்லது. ஹேண்ட் பிரேக் போட்டு சக்கரத்துக்குக் கட்டை வைங்க. இன்ஜின் ஐடிலிங்ல ஓடணும். ஃபுட் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு டி, ஆர் ரெண்டையும் சில செகண்ட் போட்டுட்டு நியூட்ரலுக்கு வாங்க. ஆயில் சூடு 71-லிருந்து 93 டிகிரிக்குள்ள இருக்கும்போது, இன்ஜின் ஓடும்போதே கேஜ் எடுக்கணும். ஆறின வண்டியில (16-49 டிகிரி) பார்க்கிற கோல்ட் மார்க், வண்டியை எடுக்கலாமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்க மட்டும்தான்.

பட்டன் செலக்டரா இருந்து லெவல் சென்சாரும் இருந்தா மேல் அம்பு, கீழ் அம்பு ரெண்டையும் சேர்த்து அழுத்துங்க. வண்டி நின்னு ஆயில் படிய 2 நிமிஷம் எடுத்துக்கும். அப்புறம் ‘ஓகே’ன்னோ ‘லோ 2’ன்னோ காட்டும். லோ 2-ன்னா 2 குவார்ட் குறைவு, ஏறக்குறைய 1.9 லிட்டர்.

ஆயில் அதிகமானாலும் இதே கோளாறு வரும். சுத்துற பாகங்கள் அடிச்சு நுரையாக்கிடும், நுரையில பிரஷர் நிக்காது. எதையும் ஊத்துறதுக்கு முன்னாடி ஆயில் என்ன நிறம்னு சொல்லுங்க.

திருத்துறைப்பூண்டி டிப்பர்:
லோ 4 காட்டுது. நிறம் அப்படியே ரோஸ் மில்க். போன வாரம் மழையில தரைப்பாலத்துல ஆக்சில் முங்குற தண்ணியில ஓட்டினோம்.

தஞ்சாவூர் கியர்பாக்ஸ்:
வண்டியை அப்படியே நிறுத்துங்க, இனி ஸ்டார்ட் பண்ணாதீங்க. தண்ணி கலந்திருக்கு. பழைய இரும்புத் தகட்டை அடுப்புல நல்லா சூடாக்கி, அது மேல அந்த ஆயிலை ரெண்டு சொட்டு விடுங்க. படபடன்னு தெறிச்சா சந்தேகமே வேண்டாம் (வீட்டு தோசைக்கல்லை எடுத்துடாதீங்க).

உள்ள வர ரெண்டு வழி. ஒண்ணு பிரீதர் (கியர்பாக்ஸ் காத்துத் துளை), இல்லன்னா கேஜ் குழாய் மூடி. சூடான கியர்பாக்ஸ் திடீர்னு தண்ணியில முங்கினா உள்ள காத்து சுருங்கி வெளித்தண்ணியை உறிஞ்சும். இன்னொண்ணு ஆயில் கூலர் ஓட்டை, அதுல ஆயிலை ஆற வைக்கிறது ரேடியேட்டர் கூலன்ட்தான். ரேடியேட்டர் டேங்க்கைத் திறந்து பாருங்க, இன்ஜின் ஆறினதுக்கு அப்புறம்.

திருத்துறைப்பூண்டி டிப்பர்:
மூடிக்கு அடியில பிசுபிசுன்னு எண்ணெய்ப் படலம். கூலன்ட்டும் 3 லிட்டர் கிட்ட குறைஞ்சிருக்கு.

நாகை ஃப்ளீட் மெயின்டனன்ஸ்:
அப்ப தரைப்பாலம் மேல பழி இல்ல, கூலர்தான். இன்ஜின் ஓடும்போது ஆயில் பக்கம் பிரஷர் அதிகம், ஆயில் கூலன்ட்டுக்குப் போகும். நிறுத்தினதும் சூட்டுல கூலன்ட் பக்கம் பிரஷர் நிக்கும், கூலன்ட் ஆயிலுக்குள்ள வரும். அதனாலதான் டேங்க்லயும் எண்ணெய், கேஜ்லயும் பால். மூணு விரல் கூடினதுலயும் இதுக்குப் பங்கு இருக்கும். கூலரைக் கழட்டி ஒரு பக்கத்தை அடைச்சு, லேசா காத்து விட்டுத் தண்ணித் தொட்டியில முக்கினா குமிழி காட்டிக் கொடுத்துடும்.

ரெண்டு தடவை ஆயில் மாத்தி ஓட்டிடலாம்னு யாராவது சொல்வாங்க, கேட்காதீங்க. வடிச்சா வர்றது மூணுல ரெண்டு பங்குதான், மீதி கன்வெர்ட்டர்லயும் பைப்லயும் நிக்கும். அதோட கூலன்ட்ல இருக்கிற கிளைகால் பிளேட் மேல ஒட்டியிருக்கிற லைனிங்கைக் கிளப்பிடும். இன்னைக்கு ஓடும், அடுத்த மாசம் லைனிங் தூளாகி வால்வு பாடியை (ஆயில் பிரஷரைப் பிரிச்சு அனுப்புற பாகம்) அடைக்கும். யூனிட்டை இறக்கிப் பிரிச்சுத்தான் ஆகணும்: லைனிங் பிளேட் எல்லாம் புதுசு, சீல் கிட், ரெண்டு ஃபில்டர், கன்வெர்ட்டரைப் பிரிச்சுச் சுத்தம் பண்ணணும் இல்ல மாத்தணும், கூலர் புதுசு. கூலன்ட் லைனையும் எண்ணெய் போகக் கழுவணும், இல்லன்னா ரப்பர் ஹோஸ் ஊதிடும்.

தஞ்சாவூர் கியர்பாக்ஸ்:
மாட்டினதும் பழைய பிளேட்டுக்குப் படிச்ச கணக்கைக் கம்ப்யூட்டர்ல ரீசெட் பண்ணச் சொல்லுங்க. பல பட்டறையில இதை விட்டுடுறாங்க, அப்புறம் புது யூனிட் இடிக்குதுன்னு திரும்பி வருவாங்க. ஆயில் சூடானதும் நின்ன இடத்துலயே பிரேக் மிதிச்சு நியூட்ரல்-டி 5 தடவை, நியூட்ரல்-ஆர் 5 தடவை. பிறகு ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சு எல்லா கியரும் பல தடவை மாறுற மாதிரி ஓட்டுங்க. ஆயில் வண்டி புக்குல போட்ட டெஸ் 295 அல்லது டெஸ் 668 தரம்தான், சிவப்பா இருக்குன்னு பவர் ஸ்டியரிங் ஆயிலை ஊத்திடாதீங்க.

திருத்துறைப்பூண்டி டிப்பர்:
சரிங்கண்ணே. தஞ்சாவூருக்கு இன்னொரு லாரியில கட்டி இழுத்துட்டு வரலாமா?

நாகை ஃப்ளீட் மெயின்டனன்ஸ்:
ஜாயின்ட் ஷாஃப்ட்டை (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போற தண்டு) கழட்டாம இழுக்காதீங்க. ஆயில் பம்ப் இன்ஜினோட சுத்துறது. இன்ஜின் நின்னு சக்கரம் மட்டும் உருண்டா உள்ள ஒரு சொட்டு ஆயில் ஏறாது, மிச்சமிருக்கிற பேரிங்கும் போயிடும். ஷாஃப்ட்டைக் கழட்டிக் கட்டி வைங்க. ஆக்சில் ஷாஃப்ட்டை உருவுறதா இருந்தா ஹப் வாயைத் தகடு வச்சு மூடிடுங்க, மண்ணு போகாது, கிரவுன் (பின் ஆக்சில் பல்சக்கரம்) ஆயிலும் வழியில கொட்டாது.