காய்ச்சல் தணிந்துவிட்டது, இனி அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டுமா?

ஆயர் ஈத்தாம் மகள்:
வணக்கம். நீரிழிவு நோயுள்ள என் தாயாருக்குக் கடுங்காய்ச்சல் கண்டு இன்று ஐந்தாம் நாள். எங்கள் அடுக்குமாடியில் சிலருக்கு டிங்கி இருப்பதால் இரண்டாம் நாளே கிளினிக்கில் டிங்கிக்கான என்எஸ்1 இரத்தப் பரிசோதனை செய்தோம். டிங்கி இல்லை என்று முடிவு வந்தது. இன்று காலை காய்ச்சல் முற்றிலும் விட்டதால் வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் அம்மா வயிறு வலிக்கிறது என்கிறார், குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறார், எழுந்து உட்காரவும் தெம்பின்றிப் படுத்தே கிடக்கிறார். பப்பாளி இலைச்சாறு கொடுத்தால் டிங்கியில் குறையும் இரத்தத் தட்டணுக்கள் ஏறிவிடும், மருத்துவமனையே வேண்டாம் என்று குடும்பப் புலனக் குழுவில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. எதை நம்புவது?

பட்டர்வொர்த் தாதி (பணி ஓய்வு):
சகோதரி, மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அம்மாவை இப்போதே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். டிங்கியின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில்தான், அதாவது மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், தொடங்குகிறது. அப்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து, இரத்தம் கெட்டியாகி, இரத்த அழுத்தம் சரியக்கூடும். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும் இக்கட்டத்தில் கைகால் சில்லிடுவதைக் கண்டு, காய்ச்சல் விட்டது என்று எண்ணி நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்வு மூன்றும் எச்சரிக்கை அறிகுறிகள். என்எஸ்1 முடிவு 'இல்லை' என்றிருந்தாலும் டிங்கி அல்ல என்று உறுதி கூற முடியாது. காய்ச்சல் தொடங்கிய நாள், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம், அன்றாட மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மயக்கம் வந்தால் 999ஐ அழையுங்கள்.

செந்தூல்காரர்:
என் மாமியாருக்குப் பப்பாளி இலைதான் கைகொடுத்தது. மருத்துவமனையில் மணிக்கணக்கில் காத்திருப்பதைவிட, சாறு கொடுத்து ஒரு நாள் பார்ப்பதில் என்ன தவறு?

மருந்தாளர், பிரிக்பீல்ட்ஸ்:
ஐயா, சாறு குடித்தவர்களுக்குத் தட்டணு எண்ணிக்கை கூடியதாக நம் மலேசிய ஆய்வொன்றே 2013இல் கூறியது. ஆனால் தாதியம்மா விளக்கிய நீர்மக் கசிவை அது தடுக்கும் என்பதற்கு அந்த ஆய்வு சான்றாகாது. உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் அந்தக் கசிவுதான். எச்சரிக்கை அறிகுறி தெரிந்த பிறகு ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காத்திருக்கும் அலுப்பு எனக்கும் தெரியும். ஆனால் அங்கே காத்திருக்கும்போது அழுத்தம் பார்க்க ஆள் உண்டு.

சகோதரிக்கு: பேசுபவர் யார், எந்த ஆண்டு பேசியது என்பதே தெரியாத பதிவை ஒதுக்கிவிடுங்கள். அதைவிட முக்கியமாக, எந்த நிலையில் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுப் புறப்பட வேண்டும் என்று சொல்லாத அறிவுரையை நான் நம்புவதில்லை. சுகாதார அமைச்சின் மைஹெல்த் தளத்தைப் பாருங்கள். பரவும் வதந்திகளைச் சரிபார்க்க 2017 முதல் செபெனார்ஞா தளம் இருக்கிறது. கடையில் விற்கும் இலைச்சாற்றுப் புட்டியில், மருந்துப் பொருள்களுக்கு அரசு தரும் எம்ஏஎல் பதிவெண் இருந்தாலும், அது டிங்கியைக் குணமாக்கும் என்று பொருளில்லை. இபுபுரோஃபென், டிக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைத் தூண்டலாம் என்பதால் அவற்றை அறவே தவிர்த்திடுங்கள். இதயத்திற்காக அம்மா அன்றாடம் ஆஸ்பிரின் உட்கொள்பவரானால், மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.