லோங்ஸ்ட்ரீட் எண்ட ஜெனரலை ஏன் சொந்தச் சனமே தள்ளி வைச்சது?

குளக்கட்டு:
வணக்கம், ஒரு கேள்வி. மகள் ஃபோனில அமெரிக்க உள்நாட்டுச் சண்டை வீடியோ பாத்துப்போட்டு, லீ, ஜக்சன் எண்டு தெற்குப் பக்க ஜெனரல்மாருக்கு ஊருக்கு ஊர் சிலை வைச்சவங்கள், லீக்கு அடுத்தபடியா நிண்ட ஜேம்ஸ் லோங்ஸ்ட்ரீட்டுக்கு கெட்டிஸ்பேர்க்கில 1998 ல தானாம் வைச்சது, ஏனப்பா எண்டு கேக்கிறாள். தோத்ததுக்கு அவர்தான் காரணமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, இஞ்ச கரண்டும் வந்து வந்து போகுது.

மாங்குளத்தான்:
தோத்ததுக்கு இல்லை அண்ணை, தோத்தாப் பிறகு செய்ததுக்கு. ஆள் நல்ல சண்டைக்காரன். 1862 டிசம்பர் ஃபிரெடரிக்ஸ்பேர்க்கில அவற்ற பெடியள் கல்மதிலுக்குப் பின்னால பள்ளமான ரோட்டில நிண்டவங்கள். நீங்கள் குளக்கட்டில நிண்டு அரிவு வெட்டின வயலைப் பாத்தா ஒரு மாடு வந்தாலும் தெரியும்தானே, அப்பிடி வெளியால தான் வடக்குப் படை திரும்பத் திரும்ப ஏறி வந்து விழுந்தது. அதைக் கண்ட மனுசன், அடுத்த வருசம் ஜூலை 3 கெட்டிஸ்பேர்க்கில தன்ர ஆக்களையே வெளிக்குள்ள விடச் சொல்லி லீ சொல்லேக்க சரிவராதெண்டு வாதாடினவர், லீ கேக்கேல்லை. அவருக்குக் கீழ படை நடத்தின ஜெனரல் பிக்கெட் வந்து வெளிக்கிடட்டோ எண்டு கேக்க, வாய் திறக்க ஏலாமல் தலையை மட்டும் ஆட்டினவர். போனது 12,000 பேர் வரும், பாதிப்பேர் செத்தும் காயப்பட்டும் பிடிபட்டும் போச்சினம்.

வயல்காரன்:
ஒரேயடியா வெள்ளையடிக்காதேங்கோ. முதல்நாள் ஜூலை 2 அவற்ற தாக்குதல் பின்னேரம் 4 மணிக்குத் தானே துவங்கினது? விருப்பமில்லாமல் இழுத்தடிச்சவர் எண்டு தானே கதை.

மாங்குளத்தான்:
பிந்தினது உண்மைதான், ஆனா அதை லீக்குக் கீழ இருந்த ஜெனரல் ஜூபல் ஏர்லியின்ர ஆக்கள் ஊதிப் பெருப்பிச்சது 1870 ல லீ செத்தாப் பிறகு. அதுக்கிடையில இவர் 1867 ல நியூ ஓர்லியன்ஸ் பேப்பருக்கு, தோத்தாச்சு, இனிச் சட்டத்துக்கு ஒத்துப்போவம் எண்டு கடிதம் எழுதி, பேந்து லிங்கனின்ர ரிபப்ளிக்கன் கட்சியில சேந்து, சண்டையில வடக்குப் படையை நடத்தின பழைய கூட்டாளி கிராண்ட் ஜனாதிபதியா வர அவரிட்ட சுங்கத்தில வேலையும் எடுத்திட்டார். 1874 செப்டெம்பரில வைட் லீக் எண்ட வெள்ளையின ஆயுதக் கும்பல் மாநில அரசாங்கத்தைக் கவிழ்க்க வர, கறுப்பினச் சிப்பாய்மாரோட தெருவில மறிச்சு நிண்டு பிடிபட்டவர். எதிரில நிண்டதில கனபேர் தெற்கின்ர பழைய சிப்பாய்மார். உதை எப்பிடி மன்னிப்பினம்?

கனகாம்பரம்:
அதுக்காண்டி ஆளைத் தியாகி ஆக்கவேண்டாம் தம்பி, நாலு வருசம் அடிமைமுறையைக் காப்பாத்தத் தான் சண்டை பிடிச்சவர். எனக்கு மனசில நிக்கிறது வேற. 1862 தொடக்கத்தில காய்ச்சல் வந்து சில நாளுக்குள்ள மூண்டு பிள்ளையள் செத்தது. 1864 மேயில வில்டர்னெஸ் காட்டுக்குள்ள சொந்தப் பக்கத்தின்ர வெடியே கழுத்திலயும் தோளிலயும் பட்டு, வலது கை ஏலாமல் போய், இடது கையால எழுதப் பழகினவர். 76 வயசில 34 வயசுப் பொம்பிளையைக் கட்டினது இன்னொரு கூத்து, அந்த மனுசி 1962 மட்டும் இருந்து புருசனுக்காக வாதாடினது!

குளக்கட்டு:
எல்லாருக்கும் நன்றி. இடது கைக் கதையை வாசிச்சுக் காட்ட, எங்கட சின்னையா மாதிரி எண்டாள் மகள். அவருக்கும் 2009 க்குப் பிறகு வலது கை ஏலாது, ஃபோம் நிரப்புறதெல்லாம் இடது கையால தான். இப்ப கொப்பியை எடுத்து வைச்சு இடது கையால தன்ர பேரை எழுதிப் பாக்கிறாள், முதல் எழுத்தே நண்டு ஊர்ந்த மாதிரிக் கிடக்கு.