90 ஜிபி அழித்தேன், டிஸ்கில் ஒரு ஜிபிகூடத் திரும்பவில்லை

அச்சுக்கடை அக்கா, யாங்கூன்

எல்லோருக்கும் வணக்கம். அனோரத்தா ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, கோயில் நோட்டீஸ், எது வந்தாலும் அடிப்போம். கடைக் கம்ப்யூட்டரில் ஓடுவது ஃபெடோரா என்ற லினக்ஸ். போட்டுக்கொடுத்தவன் என் அண்ணன் மகன். போட்ட கையோடு சிங்கப்பூர் போய்விட்டான். இப்போது போன் செய்தால் "அத்தை, வேலையில் இருக்கேன்" என்பதோடு சரி.

500 ஜிபி எஸ்எஸ்டி. போன வாரம் ஒரு பேனரைச் சேமிக்கப் போனால் இடமில்லை என்கிறது. பார்த்தால் மிச்சம் 6 ஜிபி. சரி என்று பழைய கல்யாண ஆல்பங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டு இங்கே அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். மொத்தம் 90 ஜிபி. மறுபடி பார்த்தால் அதே 6. கரண்ட் நினைத்த நேரத்தில் போய்ப் போய் வருகிறதே, டிஸ்க் குழம்பிவிட்டதோ என்று பயம்.

டிஸ்கின் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு அமைப்பைக் கவனிக்க அவன் காட்டிவிட்டுப் போன பிடிஆர்எஃப்எஸ் அசிஸ்டன்ட் என்ற கருவியைத் திறந்தேன். கோப்புகள் அந்தந்த நேரத்தில் இருந்த நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைப்பது ஸ்னாப்பர் என்ற புரோகிராம். அதன் டேப்பில், என் கோப்புகளெல்லாம் இருக்கும் ஹோமைத் தேர்ந்தால் ஸ்னாப்ஷாட் பட்டியல் இறங்கிக்கொண்டே போகிறது. கடைசி எண் 417. தேதி இருக்கிறது, ஆனால் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று எங்கும் இல்லை. நேற்று மேலே இருந்த 10 பழையதை அழித்துப் பார்த்தேன். அசையவில்லை.

ஸ்னாப்ஷாட்டையே நிறுத்திவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். போன வருடம் பீலிக்கான் கோயில் நோட்டீஸின் தமிழ்ப் பக்கத்துக்கு மேலேயே பர்மியப் பக்கத்தைச் சேமித்துத் தொலைத்தேன். விடிந்தால் கொடுக்க வேண்டிய வேலை. இதே ஜன்னலில் பிரவுஸ் என்பதை அமுக்கி, ஒரு மணி நேரம் முந்தைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து அந்த ஒரே ஒரு கோப்பை மட்டும் மீட்டேன். அன்றிலிருந்து இதன் மேல் எனக்கு ஒரு மரியாதை.

—

மோல்மேன் தம்பி

டிஸ்க் குழம்பவில்லை அக்கா, பயப்படாதீங்க. நீங்கள் அழித்தது இப்போதைய ஹோமிலிருந்து மட்டும்தான். ஆல்பம் இருந்த காலத்தில் எடுத்த ஸ்னாப்ஷாட்டுகள் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அளவு தெரிய வேண்டுமென்றால் சப்வால்யூம் (டிஸ்கின் உட்பிரிவு) டேப்பில் கோட்டாவை, அதாவது எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற கணக்கை, இயக்கிவிடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் அளவு வரும். பெரிதாக இருப்பதைத் தேடி அழித்தால் போதும்.

—

சிரியம் வாத்தியார்

தம்பி சொன்ன முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைச் செய்யாதீர்கள் அம்மா. 417 ஸ்னாப்ஷாட் இருக்கும் மெஷினில் கோட்டாவை இயக்கிவிட்டு அழிக்க ஆரம்பித்தால், எந்தத் துண்டு யாருக்குச் சொந்தம் என்று கணக்குப் போட்டுப் போட்டே மெஷின் திணறும். மவுஸ்கூட நகராது.

இன்னொன்று, அந்த அளவைப் பார்த்தாலும் ஏமாந்துதான் போவீர்கள். கூட்டுக் குடும்பத்துச் சொத்து மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டன் வீடு 10 பேரன் பெயரில் இருக்கிறது. தனித்தனியாக உன் பெயரில் மட்டும் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒருத்தன் சைக்கிளைக் காட்டுவான், ஒருத்தன் குடையைக் காட்டுவான். வீடு யார் கணக்கிலும் வராது. ஒருவன் விலகினாலும் வீடு கைமாறாது, பத்தாவது ஆளும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் ஆல்பமும் அப்படித்தான். 400 ஸ்னாப்ஷாட்டுக்கும் பொது என்பதால், தனி அளவு என்ற பத்தியில் ஒவ்வொன்றும் சில எம்பி என்றுதான் காட்டும். 10 அழித்து அசையாததற்கும் அதுதான் காரணம். ஆல்பத்தை அழிப்பதற்கு முன் எடுத்த கடைசி ஸ்னாப்ஷாட் வரை எல்லாம் போனால்தான் இடம் வரும்.

417 எப்படிச் சேர்ந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஸ்னாப்பர் தன்னால் களையெடுக்க வேண்டும். ஸ்னாப்பர் செட்டிங்ஸ் டேப்பில் டைம்லைன், கிளீனப், பூட் என்று மூன்று டிக் இருக்கும். எதெது போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

எதையும் அழிக்கும் முன் ஒரு காரியம். வெளி டிஸ்கில் ஏறிய ஆல்பங்களைத் திறந்து பாருங்கள். பெயர் இருக்கிறதா என்று அல்ல, படம் திறக்கிறதா என்று.

—

அச்சுக்கடை அக்கா

ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். டைம்லைனில் டிக் இருக்கிறது, கிளீனப்பில் இல்லை. மணிக்கு ஒன்று எடுக்கச் சொல்லிவிட்டு, பெருக்க ஆளே வைக்காமல் போயிருக்கிறான் பையன்.

வெளி டிஸ்க் விஷயம் கேளுங்கள். 11 ஆல்பத்தில் 10 நன்றாக இருக்கிறது. ஒன்று 340 படத்தோடு நின்றுவிட்டது, மொத்தம் 800க்கு மேல். காப்பி ஓடும்போது கரண்ட் போய், இன்வெர்ட்டரும் படுத்த நாள் அது. முடிந்துவிட்டது என்று நினைத்து இங்கே அழித்திருக்கிறேன். தவுஞ்சியில் இருக்கும் ஒரு குடும்பத்துக் கல்யாணம், அவர்களிடமும் வேறு பிரதி இல்லை. கை நடுங்கிவிட்டது. பழையபடி பிரவுஸில் போய் மிச்சப் படங்களை எடுத்து, இந்த முறை பேட்டரி நிறைந்திருக்கும்போது ஏற்றி, ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்துவிட்டேன்.

இனி அழிக்கலாமா? எல்லாவற்றையும் ஒரே அடியாகவா?

—

சிரியம் வாத்தியார்

நல்ல காலம்! அந்த 10-ஐ அழித்ததோடு நிறுத்தினீர்களே.

ஒரே அடியாக வேண்டாம். ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டு 25, 30 என்று தேர்ந்து அழியுங்கள். பட்டியலிலிருந்து பெயர் உடனே மறையும், இடம் உடனே வராது. சிஸ்டத்தின் மையமான கெர்னல் பின்னால் இருந்து மெதுவாகத் துண்டுகளை விடுவிக்கும். நடுவில் கரண்ட் போனாலும் கெடுதல் இல்லை. மறுபடி இயக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடுத்த கொத்து.

முடிந்ததும் கிளீனப்பில் டிக் போடுங்கள். அதற்கு மேலே எத்தனை வைத்துக்கொள்வது என்ற எண்கள் இருக்கும். மணிக்கு 10, நாளுக்கு 10, மாதத்துக்கு 10, வருடத்துக்கு 10 என்பதுதான் ஸ்னாப்பரோடு வருவது. கடைக்கு அது ஒத்துவராது. மாதக் கணக்கில் 10 வைத்தால், இன்று அழிக்கும் ஆல்பம் அடுத்த தீபாவளி வரை இடம் பிடிக்கும். மாதம் 0, வருடம் 0, நாள் 7, மணி 8 போதும். நீங்கள் மீட்டதெல்லாம் ஒரு மணி நேரம், சில நாள் முந்தையதைத்தானே?

—

அச்சுக்கடை அக்கா

இரண்டு நாள் ஆனது. 15 மட்டும் வைத்துக்கொண்டேன், எல்லாம் ஆல்பத்தை அழித்த பிறகு எடுத்தவை. இடம் 6-லிருந்து 52 ஆகியிருக்கிறது. சந்தோஷம்தான், ஆனால் கணக்கு உதைக்கிறதே ஐயா. ஆல்பம் மட்டுமே 90. மீதியை யார் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார்கள்?

—

மோல்மேன் தம்பி

அக்கா, எப்போதாவது பிரவுஸ் இல்லாமல் ரிஸ்டோர் பட்டனை அமுக்கியிருக்கிறீர்களா? அது முழு ஹோமையும் பழைய நிலைக்கு மாற்றும். மாற்றும்போது அதுவரை இருந்த ஹோமைத் தூக்கி எறியாது, பெயரை மாற்றி ஓரமாக வைக்கும். ஸ்னாப்பர் பட்டியலில் அது வராது, கிளீனப்பும் அதைத் தொடாது. சப்வால்யூம் டேப்பில் பேக்கப் என்ற சொல் ஒட்டிய பெயரில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். நான் இதே மாதிரி 8 மாதம் ஒன்றைச் சுமந்தவன், அதனால்தான் கேட்கிறேன். கோட்டா விஷயத்தில் வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு இதில் ஈடு கட்டிவிடுகிறேன்.

—

அச்சுக்கடை அக்கா

இருந்தது தம்பி! ஹோம், பேக்கப், போன வருடத் தேதி, எல்லாம் சேர்ந்த ஒரு நீளமான பெயர். நான் அமுக்கவில்லை. சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். "அத்தை, கிளம்புறதுக்கு முதல் நாள் உங்களுக்கு ரிஸ்டோர் எப்படின்னு செஞ்சு காட்டினேனே, மறந்துட்டீங்களா" என்கிறான். அன்றைக்குக் காட்டியவன், அழிக்கவும் காட்டியிருக்கலாம்.

அதில் தேவையானது ஒன்றுமில்லை என்று அவனிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு அழித்தேன். மத்தியானச் சோறு முடித்து வந்து பார்த்தால் 131 ஜிபி காலி. கல்லாவில் பணம் பார்த்த மாதிரி இருந்தது.

—

சிரியம் வாத்தியார்

சரி அம்மா, ஒன்று விட்டுப்போயிற்று. அந்த 11 ஆல்பமும் இப்போது வெளி டிஸ்கில் மட்டும்தானே? ஸ்னாப்ஷாட்டிலும் இல்லை, கடை மெஷினிலும் இல்லை.

—

அச்சுக்கடை அக்கா

ஆமாம் ஐயா. இதைப் படித்ததும் கடையை வேலைக்கு இருக்கும் பையனிடம் விட்டுவிட்டு இன்னொரு டிஸ்க் வாங்கக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸிலிருந்துதான் எழுதுகிறேன்.