200 லிட்டர் பவளத் தொட்டி: டர்பனில் மாதச் செலவு எவ்வளவு வரும்?

சாட்ஸ்வொர்த்_அலை:
வணக்கம் அண்ணன்மாரே. 200 லிட்டர் கண்ணாடித் தொட்டியும், அதன் கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டியான சம்ப்பும் தயார். இரண்டு க்ளவுன் மீன், கொஞ்சம் மென்பவளம், அவ்வளவுதான் ஆசை. இதற்கு மேல் மாதாமாதம் என்ன செலவாகும்? கடல் பக்கத்திலேயே இருக்கிறது, கேனில் தண்ணீர் பிடித்து வந்தால் உப்புக் காசு மிச்சம்தானே? கரண்ட் போனால் என்ன செய்வது?

உப்புக்கணக்கு:
தம்பி, தொட்டி ஒரு தடவைச் செலவு. விடாமல் வருவது உப்பும் கரண்டும்தான். லிட்டருக்கு 37 கிராம் வைத்தால் முதல் நிரப்பலுக்கு 7.4 கிலோ உப்பு; பாறை, மணல் போட்ட பிறகு கொஞ்சம் குறையும். வாரம் 20 லிட்டர் மாற்றினால் வருஷத்துக்கு 38 கிலோ.

சம்ப்பிலிருந்து தண்ணீரைத் திருப்பி ஏற்றும் ரிடர்ன் பம்ப், அலை பம்ப், நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர் மூன்றும் சேர்ந்து 60 வாட் என்றால் மாதம் 43 யூனிட். 90 வாட் விளக்கு தினம் 9 மணி நேரம், 24 யூனிட். நம்ம ஊர்க் குளிர்காலமான ஜூன், ஜூலையில் 200 வாட் ஹீட்டர் தினம் 6 மணி நேரம் ஓடினால் இன்னும் 36. மொத்தம் 103. உங்கள் பில்லில் உள்ள யூனிட் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வெறும் நல்ல தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது. 35 (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) என்று குறித்த அளவுத் திரவத்தில் சரிபாருங்கள். பல கருவிகள் உப்பு கூடக்கூடத் தப்பாகக் காட்டும்.

உம்கேனி_கரை:
கடல் தண்ணீர் யோசனையை விட்டுவிடுங்கள். மழைக்குப் பின் உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில் சேறும் சாக்கடையும் கலந்துதான் வரும், உப்பும் குறைந்திருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் பழுதாகி டர்பன் கடற்கரைகளையே மூடினார்கள். குழாய்த் தண்ணீரையும் நேராக ஊற்றாதீர்கள். செம்புக் குழாய் வழி வந்தால் அதிலுள்ள செம்பே பவளத்துக்கு நஞ்சு. சவ்வும் ரெசினும் வைத்துத் தண்ணீரைச் சுத்தமாக்கும் ஆர்ஓ டிஐ வடிகட்டி கட்டாயம். சுத்தத் தண்ணீர் ஒரு லிட்டருக்கு மூன்று, நான்கு லிட்டர் கழிவாகப் போகும்; அதைச் செடிக்கு ஊற்றலாம். ஆவியாகிக் குறைந்ததற்கு உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, நல்ல தண்ணீர்தான். உப்பு ஆவியாகாது.

கோடையில் தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டினால் மேலே விசிறி வையுங்கள். டர்பன் புழுக்கத்தில் அது ஓரளவுதான் குளிர்விக்கும். அறை ஏசி இருந்தால் நல்லது.

இன்வெர்ட்டர்_மணி:
கரண்ட் போனதும் முதலில் குறைவது சூடு இல்லை, ஆக்ஸிஜன். ஹீட்டரை இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள். 15 வாட் அலை பம்ப் ஒன்று மேல்மட்டத்தைக் கலக்கினால் போதும். 12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் 1,280 வாட்-அவர். இன்வெர்ட்டர் தின்பது போக ஒரு நாளுக்கு மேல் தாராளமாக வரும். லெட்-ஆசிட் என்றால் பாதிதான் கணக்கு.

பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் சம்புக்கு இறங்கும். காற்று புகுந்து அது நிற்க ரிடர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்ன ஓட்டை போடுவார்கள். பாசி அடைத்தால் அது வேலை செய்யாது, தரையெல்லாம் உப்புத் தண்ணீர். மாதம் ஒரு தடவை பல்குத்தியால் குத்திவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த்_அலை:
ரொம்ப நன்றி. மீன் எப்போது விடலாம்? மென்பவளத்தோடு ஸோவாந்திட் (பொத்தான் மாதிரிக் கூட்டமாக வளரும் பவள இனம்) வாங்கலாமா?

உப்புக்கணக்கு:
நாலு முதல் ஆறு வாரம் பொறுங்கள். மீனுக்கு நஞ்சான அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமான பிறகே மீன். ஸோவாந்திட் வாங்கலாம், சுலபமாக வளரும். ஆனால் சில வகையில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் போட்டே வெட்டுங்கள். அது ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் கொதிக்கவைக்கவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.