புதுப்பிப்பு: வழக்கறிஞர் இல்லாமல் பராமரிப்புத் தொகை மனு

மகனின் பராமரிப்புத் தொகையை அவன் தந்தையிடமிருந்து பெற, வழக்கறிஞர் வைக்காமல் நானே மனு செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்துவிட்டேன். இறுதித் தொகை முடிவாகும்வரை பணம் தரச் சொல்லும் இடைக்கால உத்தரவு கிடைத்து, முதல் மாதத் தொகையும் வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. தைரியம் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

மனுப் படிவம் எளிதுதான். உழைப்பெல்லாம் செலவுக் கணக்கில் இருக்கிறது. 'மாதம் இவ்வளவு' என்று மொத்தமாக எழுதாமல் பள்ளிக் கட்டணம், மருந்து, வாடகையில் அவன் பங்கு எனப் பிரித்து, ரசீதுகளோடு கொடுத்தேன். நீதிபதி கேள்வி கேட்டதெல்லாம் அந்தத் தாளை வைத்துத்தான். தொகையைக் கணக்கிடும் முறை இடத்துக்கு இடம் மாறும்: சில இடங்களில் பணம் தர வேண்டியவரின் வருமானத்தில் ஒரு சதவீதம், சில இடங்களில் இருவர் வருமானத்தையும் கூட்டி அதற்கேற்பப் பங்கீடு. அதைத் தெரிந்துகொண்ட பிறகே தொகையைக் குறிப்பிடுங்கள்.

பணம் வரும்வரை பிள்ளையைக் காட்டாதே என்று சிலர் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். தந்தையைப் பார்ப்பது பிள்ளையின் உரிமை. பணத்தோடு அதை முடிச்சுப் போடுவது அவனைத்தான் வதைக்கும்.

பணம் தர வேண்டியவர் வெளிநாட்டில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்ட சகோதரிக்கு: பிள்ளைகளின் பராமரிப்புத் தொகையை வேறு நாட்டிலிருந்து பெறுவதற்கான 2007ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இரு நாடுகளும் சேர்ந்திருந்தால், உங்கள் நாட்டின் மைய அதிகார அமைப்பு (இதற்கென அரசு நியமித்த அலுவலகம்) வழியாகவே விண்ணப்பிக்கலாம்.

இறுதித் தொகைக்கான விசாரணை இனிமேல்தான். மகனின் தந்தையுடைய முழு வருமான ஆவணங்களையும் தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு கேட்டிருக்கிறேன்.